சாட்சியில் விட்டுப்போன மாத்திரை

எனக்குச் சர்க்கரை வந்தது ஐம்பத்திரண்டாவது வயதில். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் சோற்றைக் குறைத்து, ராகி முத்தை என்று இங்கே சொல்கிற களியைக் கிண்டிப் போட்டார். நான் காலையில் நடந்தேன், முழங்காலில் நின்று அழுது ஜெபிக்கவும் செய்தேன். மூன்று மாதத்தில் சர்க்கரை அடங்கியது. நன்றி சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தேன்.

எங்கள் சபை பெங்களூர் ஆடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் மாடி ஹால். ஆராதனையின் நடுவே யார் வேண்டுமானாலும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். அன்று மாத்திரை, நடை, ராகி முத்தை எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதைக்கு ஒரு 'ஸ்தோத்திரம்' வந்தது. ஒரு அம்மா மட்டும் முத்தைக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த முறை ஒரு வீட்டுக் கூட்டத்தில் சொன்னேன். நேரம் குறைவு, அவசரத்தில் மாத்திரையைச் சொல்ல மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துதான் போனேன். ஜெபித்தேன், சுகமானேன் என்று முடித்ததும் 'அல்லேலூயா' என்று அந்தச் சின்ன அறையே அதிர்ந்தது. இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்றாம் முறை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இருநூற்று எண்பதாக இருந்த சர்க்கரை, சாட்சியில் முந்நூற்று ஐம்பது ஆகி, நானூறைத் தொட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து கணவரின் இருமல் கேட்கும். "உன் சுகர் வீட்ல இருக்கறத விட சர்ச்சுல ஜாஸ்தியா இருக்கே" என்றார் ஒருநாள். விசுவாசம் இல்லாதவர் என்று அவர்மேல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போவேன். அட்டை கிழியும் சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு விழுங்குவேன்.

சாட்சி சொல்ல ஒருமுறை சந்தாபுராவில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். கதவோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தாள். நான் பேசப் பேச அவள் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நான் இன்னும் நன்றாகப் பேசினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி எங்கள் சபைக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எனக்கும் சுகர்தான். ஆறு வருஷமா. உங்க சாட்சிய கேட்ட அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன்கா."

காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் துணி சுற்றியிருந்தாள். ஷூ கடித்த புண்ணாம், ஒரு மாதமாக ஆறவில்லையாம். "சாத்தான் சோதிக்கறான், வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

சுற்றி எங்கள் சபைப் பெண்கள் நின்றிருந்தார்கள். "மாத்திரையும் கர்த்தர் கொடுத்ததுதானேம்மா, போட்டுக்கோ" என்று மழுப்பினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "நீங்க மட்டும் விசுவாசத்துல நின்னீங்க இல்ல? என்னால முடியாதுன்னு நெனைக்கிறீங்களா அக்கா?" என்றாள். பதில் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் காட்டத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை போட்டாவது மனதை ஆற்றியிருப்பேன். "தனியா சொன்னா அவ நம்ப மாட்டா. எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும்தான் மாத்தணும்" என்றார். அவளது கால் ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சனிக்கிழமை முழுக்க நான் யோசித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது.

ஞாயிறன்று சாட்சி நேரத்தில் எழுந்தேன். வழக்கம்போல எல்லோர் முகமும் மலர்ந்தது. கடைசி வரிசையில் அவள் இருந்தாள்.

"நான் சுகரு மாத்திரை சாப்பிடறேன். முதல் நாள்லேருந்து, இன்னிக்குக் காலை வரைக்கும். கர்த்தர் எனக்கு நல்லது செஞ்சது நெஜம். மாத்திரைய மறைச்சு நான் சொன்னது பொய். என்னைப் பார்த்து யாராவது நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க" என்றேன்.

பாஸ்டர் என்னைப் பார்க்காமல் பாட்டு நம்பரைச் சொன்னார். நான் உட்கார்ந்து என் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து மாடிப்படியில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குத் தனியா போக பயமா இருக்குது. கூட வரீங்களா?" என்றாள்.

மறுநாள் போனோம். டாக்டர் அவளைத் திட்டினார். என்னைத்தான் திட்ட வேண்டும் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புண் எலும்பு வரை போயிருந்தது. பாதத்தைக் காப்பாற்றலாம், அந்த விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஜெபிக்கிறவள் என்று சபையில் எனக்குப் பெயர். கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. எதைச் சொன்னாலும் எனக்கே மேடைப் பேச்சாகத் தோன்றியது. அழுகைதான் வந்தது.

அவள் ஊசி குத்தியிருந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, தானே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, அக்கா அத்தன பேரு முன்னாடி நின்னு உண்மைய சொன்னாங்க. எவ்ளோ பயந்திருப்பாங்க. யாரும் அவங்கள கேவலமா பேசக்கூடாது. அவங்க சுகர கன்ட்ரோல்ல வையுங்க. இன்னிக்கு என்கூட இருக்கறதுல சாப்பாட்டு வேள தவறிப்போச்சு, மயக்கம் வராம பாத்துக்கோங்க. ஆமென்."

அவளுடைய காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.