அது நம்ம தோல்தான்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கையுறை அக்கா. வெறுங்கையோடு யாராவது குழாயைத் தொட்டால், "உன் தோலை நீயே வெச்சுக்க, எனக்கு வேணாம்" என்பாள். வீட்டில் வெறுங்கையால்தான் மாவு பிசைவாள். அது வேறு விஷயம்.

வேலை இதுதான். காய்ச்சல் வைரஸின் புரதம் ஒன்றைத் தூண்டிலாக்கி, மனித செல்களின் சாற்றில் விட்டு, காந்த மணிகளால் வெளியே இழுக்க வேண்டும். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் மனிதப் புரதங்கள்தான் வைரஸுக்கு உள்ளூர்க் கூட்டாளிகள். மணிகளை ஆறு தடவை கழுவினாலும் அழையா விருந்தாளிகள் சில வந்துவிடும். முக்கியமாக, வேலை செய்பவர் தோலிலிருந்து உதிர்ந்தவை. அவற்றுக்கென்று பதினான்கு வருடமாக ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். அதில் இருக்கும் பெயர் முடிவுகளில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். அவள் அப்படித்தான் அடித்தாள்.

புதன்கிழமை காலை, முடிவுகளை அனுப்புவதற்கு முன் கடைசிச் சரிபார்ப்பு. கணினியில் கணக்குப் பார்க்கப் புதிதாக வந்திருந்த பெண் கேட்டாள்: "அக்கா, பதினேழாவது வரியை ஏன் அடிச்சீங்க?"

"அது நம்ம தோல்தான்டி."

"தோல்னா தூண்டில் இல்லாத வெறும் மணியிலயும் விழுந்திருக்கணுமே? அதுல ஒண்ணுமே இல்ல. தூண்டில் போட்ட மூணு குழாயிலயும் கொட்டிக் கிடக்கு. உங்க தோல் என்ன, ஆள் பார்த்தா உதிருது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

அந்தப் புரதம் தோல் செல்களை ஒன்றோடொன்று தைத்து வைப்பது. அதே தையல் வேலையை இன்னோர் இடத்திலும் செய்கிறது: இதயத்தில். துடிக்கிற துடிப்பில் தசை பிய்ந்து போகாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அந்தத் தையலில்தான் வைரஸ் கை வைத்திருக்கிறது. பதினான்கு வருடத்தில் அவளுக்கு இது தெரியாமலா இருந்தது? தெரியும். பட்டியலில் இருந்ததால் யோசிக்கவில்லை.

அவள் தம்பிக்கு இரண்டு மாதம் முன்பு அதே காய்ச்சல். வீட்டுச் சாமான்களை மாடி ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. டாக்டர் நுரையீரலைப் படம் எடுத்து, சுத்தமாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்றிருந்தார். போன ஞாயிறு அவள் வீட்டு இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உன் வீட்டுல யாரோ படியை அதிகமாக்கிட்டாங்கக்கா." "தொப்பையைக் குறைடா" என்றாள் இவள்.

இன்றுதான் அவன் மறுபடி வேலைக்குப் போகிற முதல் நாள்.

மூன்றாவது அழைப்பில் எடுத்தான். "என்னக்கா, பீரோவை முதுகுல கட்டிட்டு நிக்கிறேன்."

"கீழ வைடா."

"இன்னும் ஒரு மாடிதான்…"

"வைடா கீழே! படியிலயே உக்காரு. எந்த இடம் சொல்லு, வர்றேன்."

மூன்று குழாயை வைத்து ஒரு மனிதனின் நெஞ்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். கையுறையோடு கதவைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியவளும் அவள்தான். அந்தக் கதவைக் கையுறைக் கையாலேயே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"உக்காந்துட்டேன்க்கா" என்றான் தம்பி. போனில் அவன் மூச்சு இரைப்பது கேட்டது. "உக்காந்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு ஏன் நிக்க மாட்டேங்குது?"