குங்குமம் வைத்து அழைத்த கிரைண்டர் கடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு மாடி அறையில் "விளம்பர ஆலோசகர்" என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்பனை பற்றி ஆங்கிலத்தில் இரண்டு புத்தகம் படித்திருந்ததும், ஓயாத வாயும்தான் என் தகுதி. முதன்முதலில் என் பேச்சை நம்பி வந்தவர், மில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வெட் கிரைண்டர் செய்து விற்க ஆரம்பித்திருந்த ஒருவர்.

கிரைண்டர் அருமையானது. விற்பனைதான் ஆகவில்லை. அவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சோமனூரில் விசைத்தறி வைத்திருந்தார். "தீபாவளிக்குள்ள யாவாரம் ஆகலைன்னா கடையச் சாத்திப்போட்டுத் தறிக்கு வந்துருங்க மாப்ள" என்று சொல்லியிருந்தார். மறுபடி ஒருவரிடம் வேலைக்குப் போவதை நினைத்தாலே இவருக்கு முகம் வாடிவிடும்.

நோட்டீஸ் அடிக்கச் சொன்னேன். "தென்னகத்தின் தலைசிறந்த கிரைண்டர்" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நெளிந்தார்.

"ஏனுங்க, நம்மளப் பத்தி நம்மளே இப்படிச் சொல்லிக்கிட்டா நல்லா இருக்குமுங்களா? கீழ 'கொறை இருந்தாப் பொறுத்துக்குங்க'ன்னு ஒரு வரி போட்றலாமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரத்தில் மன்னிப்புக் கேட்கும் மனிதரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் பொரிகடலை மடிக்கப் போனது. ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அலுத்துப்போய், "நேரில் போய்க் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் மாவாட்டிக் காட்டுங்கள்" என்றேன். வீடு வீடாக ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு வருவார் என்று நினைத்துச் சொன்னது.

புருஷனும் பெண்டாட்டியும் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "ஞாயித்துக்கெழமை நம்ம கடைக்குக் குடும்பத்தோட வந்துருங்க" என்று தெருத் தெருவாக அழைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால் அது விசேஷம். போகாமல் இருக்க முடியாது. போனால் சாப்பிடாமல் வரவும் முடியாது.

ஞாயிறு காலை பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாகக் கடை வாசலில் ஒரே கூட்டம். கையில் கலர் பேப்பர் சுற்றிய எவர்சில்வர் டப்பாக்கள் வேறு. விற்க உட்கார்ந்தவருக்கு அன்பளிப்பு குவிகிறது!

"விருந்துன்னு நெனச்சுப்போட்டாங்களுங்க. இப்ப என்னங்க பண்றது?" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் இரண்டு புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை.

வழி அவர் மனைவியிடம் இருந்தது. ஆட்டிக் காட்டுவதற்காகக் கடையில் இருந்த ஆறு கிரைண்டருக்கும் அடைக்கு அரிசி பருப்பு ஊற வைத்திருந்தார். "வாங்க அம்மணி, ஆளுக்கொரு கை புடிங்க. அடை சுட்டுப்போடலாம்" என்றார்.

அவ்வளவுதான். பட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் ஒவ்வொரு கிரைண்டர் முன்னாலும் நின்றுவிட்டார்கள். ஓர் அம்மாள் மாவை வழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மாவு சூடாகவே இல்லீங்களே!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஆட்டும்போது சூடேறாத மாவுதான் ருசி கெடாது என்பதால், அது கடை முழுக்கப் பரவியது. நான் எழுதிய "தலைசிறந்த" எல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு உறை போடக் காணாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வெல்லத்தோடு அடையைச் சாப்பிட்டபடியே, மகள் கல்யாணச் சீருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கேட்க ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் ஆறும் விற்றுவிட்டன. ஐப்பசி முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று பெயர் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர்.

தங்கை அழைத்தாள் என்று மச்சானும் வந்திருந்தார். ஒரு ஓரமாக உட்கார்ந்து நாலு அடையைச் சாப்பிட்டு முடித்தவர், கை கழுவிவிட்டு நேரே இவரிடம் வந்தார்.

"தறிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க, மாப்ள."

இவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தார்.