வலது கையில் வாங்கிய டெப்லட்

கொட்டகலை பஜாரில், ரயில் நிலையத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில், ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள் உள்ளன. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். ஒரு பக்கம் ஜெயந்தினியின் தையற்கடை. மறு பக்கம் றிஷாத் கணினி திருத்தும் கடை. தடுப்பில் ஒரு பலகை பெயர்ந்துபோன இடைவெளி உண்டு. கத்தரிக்கோலும் பிளேன்டீயும் ஊர்ப் பேச்சும் அதன் வழியாகவே இரு பக்கமும் போய்வரும்.

ஜெயந்தினி தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா காளியாயி கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் ஜெயந்தினி கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே சட்டைகளுக்குக் கைப்பட்டி தைப்பது மட்டுமே அவளுடைய வேலை; வருடக்கணக்கில் அதையே செய்தாள். ஒரு சட்டையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே தைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, கைப்பட்டிகளுக்கு நடுவே இருந்தபோதுதான் அவளுக்குப் பிறந்தது. ஊர் திரும்பிய நாளில் அவளோடு ஒரு மின் தையல் இயந்திரமும் ரயிலின் சாமான் பெட்டியில் வந்து கொட்டகலையில் இறங்கியது. அன்றிலிருந்து சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் பள்ளிச் சீருடை அந்த இயந்திரத்தில்தான் உருவானது.

இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் ரயில் நிலைய மேடையின் கோடி தெரியும். மலைநாட்டு ரயில்பாதை ஒற்றைப் பாதை. அடுத்த நிலையம் வரையிலான தண்டவாளம் உனக்குத்தான் என்பதற்கு அடையாளமாக, தோற்பையில் வைத்த ஓர் உலோகத் தட்டை ரயிலுக்குக் கொடுப்பார்கள். அதன் பெயர் டெப்லட். பையோடு ஒரு பெரிய வளையம் இருக்கும். நிலைய ஊழியர் அதை உயர்த்திப் பிடிப்பார். என்ஜினிலிருந்து நீளும் ஒரு கை அதை வாங்கிக்கொள்ளும். டெப்லட் கைக்கு வராமல் எந்த ரயிலும் கொட்டகலையை விட்டு நகராது. ஜெயந்தினி அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்து, அது அவளுக்கு நாளின் ஓர் ஒழுங்காகவே ஆகிவிட்டது.

2024ஆம் ஆண்டு ஆடி மழையில், சீருடைத் துணிக்கட்டோடு லயத்துப் படியில் இறங்கும்போது அவள் வழுக்கி விழுந்தாள். துணி நனையக்கூடாது என்று இடது கையால் அதை அணைத்துக்கொண்டு வலது கையை ஊன்றினாள். துணி தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு கை மரம்போலக் கிடந்தது. விரல்கள் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின. உள்ளங்கை மட்டும் மேலே திரும்பவில்லை. கையை நீட்டினால் பாதியில், பக்கவாட்டில் நின்றுவிட்டது. நேர்த்தையலுக்குக் கை கவிழ்ந்திருந்தாலும் போதும். துணியை வெட்டவும், கைப்பட்டியைப் புரட்டவும், கழுத்தை வளைக்கவும் அது திரும்பியே ஆகவேண்டும்.

"எலும்பு நல்லாக் கூடிருச்சு ஜெயந்தினி," என்றார் அங்கே பயிற்சி கொடுத்த மிஸ். "இனிமே பயம் கைக்கு இல்ல, உங்களுக்குத்தான். வலிச்சாலும் திருப்பிக்கிட்டே இருங்க."

சில நாள் திருப்பினாள். வலி முழங்கை வரை ஏறியது. வீட்டில் தனியாக உட்கார்ந்து கையைத் திருப்புவது, யாரும் வராத கடையைத் திறந்து வைத்திருப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போவதும் நின்றது. விபூதி வாங்க வலது கை விரியவில்லை. இடது கையை நீட்ட மனம் வரவில்லை.

மஸ்கெலியாவில் தையற்கடை வைத்திருக்கும் சண்முகவடிவுக்கு இன்னொரு இயந்திரம் தேவைப்பட்டது. கட்டுநாயக்கவில் ஜெயந்தினியோடு ஒரே வரிசையில் வேலை செய்தவர் அவர். கார்த்திகை முடிவதற்குள் வந்து தன் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளும்படி ஜெயந்தினியே சொல்லிவிட்டாள். தை பிறந்தால் பாடசாலை தொடங்கும். சீருடை தைக்க முடியாத கடையில் இயந்திரம் எதற்கு?

ஐப்பசியில் ஒரு மழை நாள் பின்னேரம், ஜெயந்தினி வேலையில்லாமல் றிஷாத்தின் கடையில் உட்கார்ந்திருந்தாள். திருத்திய கணினி சூடேறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அதில் ரயில் சிமுலேட்டர் விளையாட்டை ஓடவிடுவது றிஷாத்தின் வழக்கம். திரையில் பனி மூடிய ஒரு மலை. என்ஜினின் கண்ணாடிக்கு முன்னே தண்டவாளம் வளைந்து போயிற்று.

"அக்கா, சும்மா குந்திக்கிட்டு ஈக்கிறதுக்கு இத ஓட்டுங்களே."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது தம்பி."

"அப்ப ரயில் லேசு. விழவே மாட்டீங்க."

அவன் சொல்லிக் கொடுத்தது சுருக்கம்தான். வேகத்துக்கு இடப்பக்கம் இரண்டு பொத்தான்கள், பிரேக்குக்கு வலப்பக்கம் இரண்டு. ஜெயந்தினி அழுத்தினாள். ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவளை அறியாமல் மேசைக்குக் கீழே வலது காலும் அழுந்தியது. இறக்கம் வந்தது. வேகம் ஏறியது. நிலையம் கண்ணில் பட்டதும் சட்டென்று காலைத் தூக்கினாள். ரயில் நிற்கவில்லை. மேடை, விளக்குக் கம்பங்கள், குடை பிடித்து நின்ற பொம்மை மனிதர்கள் எல்லாம் பக்கத்தில் ஓடி மறைந்தன.

"நிக்கமாட்டேங்குதே! காலை எடுத்துட்டேனே!"

றிஷாத் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது. "அக்கா, இது தையல் மெசின் இல்ல. காலுக்கு இங்க வேலையே இல்ல. அந்தச் சனமெல்லாம் இப்ப உங்களத் தேடிக்கிட்டு வருது, ஓடுங்க!"

மறுநாளும் அவளே வந்தாள். ரயிலின் பிரேக் பிடித்தவுடன் பிடிப்பதில்லை, விட்டவுடன் விடுவதுமில்லை என்பதை அன்று கண்டுகொண்டாள். நிலையம் தெரிவதற்கு முன்பே தொடங்கி, சிறிது பிடித்து, பொறுத்து, மறுபடி பிடிக்க வேண்டும். பொறுக்கத் தெரிந்த பிறகு ரயில் சொன்ன சொல் கேட்டது. அந்நிய மொழியில் இருந்த நிலையப் பெயர்களை வாசிக்க முடியாததால் இருவருமாகப் புதுப் பெயர் வைத்தார்கள். முதல் நிலையம் ஹட்டன். நீண்ட சுரங்கம் சிங்கமலை. அதைத் தாண்டினால் கொட்டகலை.

அந்தக் கொட்டகலையில் முதன்முதலாக ரயிலை ஒழுங்காக நிறுத்திய அன்று, பயணிகள் ஏறினார்கள், கதவுகள் மூடின, பச்சை விழுந்தது. ஜெயந்தினி அசையவில்லை. திரையில் தாமதம் கூடிக்கொண்டே போனது, புள்ளிகள் குறைந்தன.

"பச்சை விழுந்திருச்சு. போங்கக்கா."

"டெப்லட் வரலியே."

"என்னது?"

"டெப்லட் தராம எப்புடிப் போறது? எதிர்ல ஒருத்தன் வந்தா?"

"அந்த ஊர்ல டெப்லட் இல்லக்கா! எல்லாம் கரண்ட்ல நடக்குது. பச்சைதான் டெப்லட்."

"அது அந்த ஊருக்கு. இது கொட்டகலைன்னு நம்மதானே பேரு வச்சோம்?"

றிஷாத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தடுப்பின் இடைவெளியில் கையை விட்டு, ஆணியில் தொங்கிய அவளுடைய எம்பிராய்டரி வளையத்தை எடுத்தான். அதில் ஒரு பழைய சிடி இறுவட்டு உறையைக் கட்டி, மேசைக்குப் பக்கத்தில் நிலைய ஊழியரைப் போல விறைப்பாக நின்று உயர்த்திப் பிடித்தான்.

"இந்தாங்க டிரைவரம்மா. ஒங்க டெப்லட்."

ஜெயந்தினி சிரித்தபடி இடது கையை நீட்டினாள். அவன் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சோத்துக் கையால வாங்குங்க. பீச்சக் கையால வாங்குறவங்களுக்கு எங்க ஸ்டேசன்ல டெப்லட் குடுக்கிறதில்ல."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். இடது கையால் எதையும் வாங்குவதில்லை என்பது அவன் வீட்டு வழக்கம். அவள் வீட்டு வழக்கமும் அதுவே. சொன்ன பிறகுதான் றிஷாத்துக்கு அவளுடைய கை நினைவு வந்தது. முகம் சுண்டிப்போயிற்று. "அக்கா, நான் அத நெனச்சுச் சொல்லல..."

"பரவால்ல தம்பி. பிடிங்க."

வலது கையை நீட்டினாள். உள்ளங்கை வழக்கம்போல் பாதியில் நின்றது. வளையம் விரல்களில் பட்டுக் கீழே விழுந்து, உருண்டு வாசல்வரை போனது. றிஷாத் ஓடிப்போய் எடுத்துவந்தான். இந்த முறை சற்றுத் தாழ்வாக, அவளுடைய கை எட்டும் சரிவில் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையைத் திருப்பினாள். வளையம் கட்டைவிரலில் மாட்டியது. ரயில் புறப்பட்டது.

அதன்பின் அந்தப் பாதையில் டெப்லட் இல்லாமல் ஒரு நிலையத்தையும் அவர்கள் கடக்கவில்லை. சுரங்கத்துக்கு முன், பாலத்துக்குப் பின், பனி கொட்டும் வளைவில் என்று நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன. வாடிக்கையாளர் யாராவது கணினியோடு வந்து நின்றாலும் றிஷாத், "ஒரு நிமிஷம், ரயில் ஸ்டேசன்ல நிக்கிது," என்பான். ஒவ்வொரு நிலையத்திலும் கை திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் பயணிகள் காத்திருப்பார்கள். வலித்தது. ஆனால் வீட்டில் தனியாகத் திருப்பியபோது வலியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இங்கே வலிக்கு அப்பால் ஒரு ரயில் நின்றது. நாள் போகப் போக வளையத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பிடிப்பதை அவள் கவனித்தாள். கவனிக்காதவள்போல் இருந்துவிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில், சொன்ன சொல் தவறாமல், சண்முகவடிவு ஓட்டோவோடு வந்து இறங்கினார். தையற்கடை பூட்டியிருந்தது. பேச்சுக் குரல் கேட்டுப் பக்கத்துக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, மெசினு எடுக்க வந்தவள வெளிய நிக்கவச்சுட்டு உள்ள படமா பாக்குற?"

"படம் இல்லக்கா, ரயிலு. செத்த ஒக்காருங்க, இந்த ஸ்டேசன் வந்துரட்டும்." ஜெயந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓட்டோக்காரன் கீழ கத்திக்கிட்டு இருக்கான்டி!"

"எறக்கத்துல பிரேக்கைப் பாதியில விட முடியாதுக்கா."

சண்முகவடிவு முணுமுணுத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து, வேகம் தணிந்து, மேடையின் கோடி வரை மெல்ல ஊர்ந்து நின்றது. றிஷாத் எழுந்து வளையத்தைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். ஜெயந்தினியின் வலது கை நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. முற்றாக விரியவில்லை, ஓரம் இன்னும் சரிந்தேதான் இருந்தது. ஆனாலும் வளையம் அதில் விழுந்து, நழுவாமல் முழங்கைவரை இறங்கித் தொங்கியது.

சண்முகவடிவு எழுந்துவிட்டார். "அடியே, கை திரும்புதா ஒனக்கு?"

ஜெயந்தினி கையில் தொங்கிய வளையத்தைப் பார்த்தாள். "முக்காவாசி திரும்புதுக்கா. வெட்டிப் பாத்துட்டேன், கத்திரி பிடிக்குது. ஒங்களுக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். மன்னிச்சுக்குங்க, மெசின என்னால குடுக்க முடியாது."

"இத மஸ்கெலியாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல? நான் மலைய சுத்தி வந்திருக்க மாட்டேன்ல?" குரலில் கோபம் இருந்தது. "சரி, தெற கடைய. தச்சுக் காட்டு. வாய்ச்சொல்லுல நான் திரும்பிப் போகமாட்டேன்."

கடையைத் திறந்து, வெள்ளைத் துணித் துண்டொன்றில் ஜெயந்தினி தைத்தாள். நேர்த்தையல் நூல் பிடித்ததுபோல் வந்தது. வளைவில் ஓரிடத்தில் கோணியது. சண்முகவடிவு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"காலர் இப்ப ஒனக்கு வராது."

"வராதுக்கா."

"இந்த வருசம் காலரையெல்லாம் வெட்டி எங்கிட்ட பஸ்ஸுல அனுப்பு. தச்சு அனுப்புறேன். அடுத்த வருசம் அனுப்பினா வாங்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்." சொல்லிவிட்டு, கடைவாசலில் நின்ற றிஷாத்திடம் திரும்பினார். "நீங்கதான் இவளுக்கு வைத்தியமா?"

"நான் ஸ்டேசன்ல வேல செய்றவன்தான்," என்றான் றிஷாத். "அல்லாஹ் கிருபையில ரயிலு நேரத்துக்கு வந்திருச்சு."

அந்த மார்கழியில் காலர்கள் மஸ்கெலியா பஸ்ஸில் போய்வந்தன. சீருடைகளுக்கு நடுவே ஜெயந்தினி வேறொன்றும் தைத்தாள்: நீலச் சீருடைத் துணியில், உள்ளே அட்டை வைத்து, வாயில் பொத்தானிட்ட வட்டமான ஒரு பை. அதை எம்பிராய்டரி வளையத்தில் கோத்து, தடுப்பின் இடைவெளி வழியாக, வலது கையால் நீட்டினாள். றிஷாத்தும் வலது கையால்தான் வாங்கிக்கொண்டான். பழைய இறுவட்டு உறையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்து மூடினான். வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுடைய உள்ளங்கையில் விழுந்த விபூதி, சரிந்த ஓரத்தால் கொஞ்சம் சிந்தியது. மிச்சம் நெற்றிக்குப் போதுமாக இருந்தது.

இன்றும் ரயில் வந்து நிற்கும்போது ஜெயந்தினியின் கால் தானாக மேலெழும், தையல் இயந்திரம் நிற்கும். மேடைக் கோடியில் வளையம் உயரும்வரை, என்ஜினிலிருந்து நீளும் கை அதை வாங்கும்வரை, அவள் பொறுத்திருப்பாள். சில நாள்களில் பனிமூட்டம் மேடையை மறைத்துவிடும். அப்போது பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து றிஷாத்தின் குரல் வரும்:

"டெப்லட் குடுத்தாச்சு. போங்கக்கா!"

அவள் காலை அழுத்துவாள்.