மதில் தாண்டிய பாராட்டு

என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரையை எங்கள் கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் நானேதான்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் ஆயுத பூஜை. அதோடு ஃபிட்டர் ஏழுமலைக்கு வழியனுப்பு விழா. கையேட்டைப் படித்த கர்வத்தில் வயர்லெஸ் மைக் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருந்தேன். சோதித்தபோது கரகரத்ததால் மைக்கின் சேனலை மாற்றினேன். ஸ்பீக்கரோடு இணைந்த ரிசீவரிலும் மாற்ற மறந்துவிட்டேன்.

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு பேசினேன். ஏழுமலை தொட்டால் ஓடாத மெஷினும் ஓடும் என்றேன். முடித்ததும் மதிலுக்கு அப்பால் கைதட்டல் அதிர்ந்தது. எங்கள் ஆட்கள் அசையவில்லை.

“சார், உங்க வாய்தான் அசைஞ்சுகினு இருந்திச்சு, சவுண்டே வரல,” என்றார் ஏழுமலை.

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். அதற்குள் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கும்பலாக உள்ளே வந்தார்கள். அவர்கள் பூஜைக்கு வைத்திருந்த மைக்கும் அதே சேனலாம்; என் பேச்சு முழுக்க அவர்கள் ஸ்பீக்கரில் ஒலித்திருக்கிறது.

“ஏழுமலை யாருப்பா? இன்னா மனுசன்யா!” என்று அவர் கழுத்தில் மாலை போட்டார்கள். விசில் பறந்தது. எனக்கே மாலை விழுந்ததுபோல் துள்ளினேன். தப்பும் சில சமயம் சரியான வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

“மன்னிச்சுக்குங்க ஏழுமலை, நம்ம ஆளுங்க கேக்காம போயிட்டாங்களே,” என்றேன்.

“நல்லதாப் போச்சு சார். அவங்க நம்பிட்டாங்க. நம்மாளுங்க கேட்டிருந்தா சிரிச்சிருப்பானுங்க.”