ஒரு மணி நேரம் பிந்திய நிலா

செல்லியம்மாள் புதூர்நாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடமாகிறது. பிறந்த ஊர் ஜவ்வாது மலையின் கிழக்கு விளிம்பில், போளூர்ச் சமவெளியைப் பார்த்தபடி இருக்கிறது. நடந்தால் ஒன்றரை நாள். ஒன்பது வருடத்தில் இரண்டு முறைதான் போனாள், இரண்டும் சாவுக்கு.

கல்யாணமாகிக் கிளம்பிய அன்று தங்கை செந்தாமரையோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டாள். பௌர்ணமிதோறும் நிலா முளைக்கும்போது இருவரும் அதைப் பார்ப்பது, மனதில் இருப்பதைச் சொல்வது. இருவருக்கும் எழுதத் தெரியாது. கடிகாரமும் கிடையாது.

ஒரு பௌர்ணமியையும் செல்லியம்மாள் விட்டதில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு மலை சுவர் போல நிற்கிறது. அதன் உச்சியில் வெள்ளையாக நிலா தலைகாட்டியதும் சாமைக் காட்டு ஓரம் போய் நிற்பாள். மூத்தவன் முதல் அடி எடுத்து நடந்ததைச் சொன்னாள். இரண்டாவது குழந்தை காய்ச்சலில் போனதையும் அங்கேதான் சொன்னாள்.

1959 மாசிக் கடைசியில் புளி வாங்க வந்தார் வாணியம்பாடி வியாபாரி ரஹ்மான். மலை முழுக்கச் சுற்றுகிறவர்.

"பௌர்ணமி அன்னிக்கு உன் தங்கச்சி வூட்லதாம்மா இருந்தேன். நிலா செவசெவன்னு எழும்பிச்சு. 'அக்கா பார்த்துக்கினு இருக்கும், கொஞ்சம் சும்மா இரு சாயபு'ன்னு என் வாயை அடச்சிட்டா. அப்பால களி கிண்ட உள்ள போய்ட்டா."

"எப்ப போனா?"

"வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே."

"அப்ப நான் மாடுதானே கட்டிக்கினு இருந்தேன்! நிலாவே வரலியே."

"எப்படி வரும்? குறுக்கால இம்மாம் பெரிய மலை நிக்குதே. உன் வூட்டுக்காரரைத் தள்ளி வெக்கச் சொல்லு."

"புளி மூட்டையத் தள்ளவே ஆளக் காணோம், இதுல மலை வேறயா சாயபு?" என்றான் கணவன் சின்னதம்பி.

இருவரும் சிரித்தார்கள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை.

"புள்ள போனதச் சொன்னப்பவும் அவ உள்ள போய்ட்டிருந்தாளா?"

ரஹ்மான் தராசைக் கீழே வைத்தார்.

பங்குனிப் பௌர்ணமியன்று அவள் உச்சிவெயிலிலேயே மாட்டைக் கட்டினாள். "எங்க கெளம்பிட்ட?" என்றான் சின்னதம்பி.

"மலை மேல."

"பைத்தியமா புடிச்சிருக்கு? களி யார் கிண்டறது?"

"நீதான்."

அவன் முணுமுணுத்தபடி அடுப்பை நோக்கிப் போனான்.

முள்ளில் சேலை கிழிய ஏறி உச்சிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் அப்பால் புகைபோலச் சமவெளி. அந்த விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கி, களிப்பானை அகலத்துக்கு முழுசாக எழுந்தது. சின்ன வயதில் இருவரும் பார்த்த அதே நிலா. ஒன்பது வருடமாக இதை அவள் பார்க்கவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. செந்தாமரை இன்னும் வாசலில்தான் நிற்பாள். ஆனால் சீக்கிரம் உள்ளே போய்விடுவாள்.

"செந்தாமர," என்றாள், மூச்சு வாங்க. "மொதல்ல அந்தப் புள்ளயப் பத்திச் சொல்லிட்றேன்."