மரத்துப்போன இடம்

புற்றுநோய் என்று ருக்மிணியின் இடப்பக்க மார்பை எடுத்தது 2001இல். அதே ஆபரேஷனில் அடிவயிற்றுச் சதையைத் தசையோடு மேலே இழுத்து, புது மார்பு ஒன்றையும் வைத்துத் தைத்தார்கள். அவள் கணவர் பாஸ்கர் போசரித் தொழிற்பேட்டையில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். ஒரு பாகம் போனால் இன்னொன்றைச் செய்து மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிற மனுஷர். மனைவி விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தார்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். ருக்மிணிக்குத் தெரிந்தது கோயம்புத்தூர்த் தமிழும், பன்னிரண்டு வருஷம் காய்கறிக்காரியோடு மல்லுக்கட்டிப் பழகிய மராத்தியும்தான்.

"என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு மரத்துப் போனாப்பல இருக்குமாம். அவ்வளவுதான்."

மரத்துப்போவது அவளுக்குத் தெரியாததா? சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். உதறினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு உயிர் வந்துவிடும். அந்த எறும்புக்காகத்தான் காத்திருந்தாள். சும்மாவும் காத்திருக்கவில்லை. குளிக்கும்போது ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர், ஒரு சொம்பு வெந்நீர் என்று மாற்றி மாற்றி ஊற்றினாள். சீப்பின் பல்லை வைத்து அழுத்திப் பார்த்தாள். பாழாய்ப்போனது, பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ரவிக்கை ஒழுங்காக நின்றது, பில்டிங்கில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் அது யாரோ கொடுத்து வைத்த பொட்டலமாகவே இருந்தது. வயிற்றிலும் பலம் போய்விட்டது. கிரைண்டர் கல்லைத் தூக்கக் காலேஜிலிருந்து மகள் சஹானா வர வேண்டும். அங்கே உயிர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இரண்டு வருஷத்தை ஓட்டினாள்.

அந்த ஜனவரியில் குளிர் கடுமை. இருமலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு மத்தியானம் வெந்நீர்ப் பையை நெஞ்சில் வைத்துப் படுத்துவிட்டாள். எழுந்து ரவிக்கையை மாற்றும்போது சஹானா பார்த்து அலறினாள்.

"அம்மா! இத்தனை பெரிய கொப்புளம்! உனக்கு எரியவே இல்லியா?"

எரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட லேடி டாக்டர் மராத்திக்காரி. இந்த இடத்தில் உணர்ச்சி வராது, சூடு படக் கூடாது என்று ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறதே என்றாள், ஃபைலைப் புரட்டிக்கொண்டே. ருக்மிணிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தீங்களா?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்தான். வயித்தையாச்சும் விட்டு வெச்சிருப்பேன்."

"உனக்காகத்தான் புள்ள..."

"எனக்காகவா?"

பாஸ்கர் ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பை எடுத்துப் பிரித்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட நிற்கவில்லை. ஏமாந்ததைவிட, இனிமேல் காத்திருக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவளை அடித்துப் போட்டது.

களிம்பைத் தானே தடவுவதாகச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த இடத்தை அவர் தொட்டதே இல்லை. ருக்மிணி ரவிக்கையை விலக்கிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"தடவறதுன்னா தடவுங்க. எத்தனை நேரம் இப்படியே உக்காந்திருக்கறது?" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் கை முழுசும் அந்த மார்பின் மேலேதான் இருந்தது.