தடிப்புக்காரியின் காது

எங்கள் வீட்டில் தடிப்பு, அதுதான் திமிர், அப்பாவின் வழியில் வந்த சொத்து என்பார்கள். அப்பாவும் கூப்பிட்டால் திரும்பமாட்டார், கேட்டால் பதில் சொல்லமாட்டார். அந்தச் சொத்து எனக்கும் தாராளமாகக் கிடைத்திருப்பது புத்தூரில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் நின்று யார் கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. "உவள் பெரிய தடிப்புக்காரி" என்று சித்தி சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

வகுப்பு ரீச்சருக்குத்தான் அது பிடிக்கவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். நான் பேசாமல் இருப்பேன். இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே வகுப்புத்தான் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். என் கூட்டாளிகளெல்லாம் ஐந்தாம் வகுப்புக்குப் போக, நான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு இருப்பதா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனிதர். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் அலைந்து, காது பார்க்கும் டொக்டர் அம்மா ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்றையும் அவரே பிடித்தார். டொக்டர் வருவதற்கு முதல்நாள் எங்களையெல்லாம் கூட்டி, "காதைத் துப்புரவாக்கிக்கொண்டு வாங்கோ பிள்ளையள்" என்றார். அவர் விட்ட பிழை அது ஒன்றுதான்.

துப்புரவுக்கு எங்கள் ஊர் அம்மாமாருக்குத் தெரிந்தது இளஞ்சூட்டு நல்லெண்ணெய். விடிந்ததும் ஊரிலுள்ள பிள்ளைகளின் காதெல்லாம் நிரம்பிவிட்டது. சிந்தாமல் இருக்கப் பஞ்சும் வைத்து அடைத்து அனுப்பினார்கள்.

டொக்டர் அம்மாவிடம் கருவி இருந்தது, அதற்குப் பற்றறி இல்லை. ஆகவே குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் நின்ற எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக "ஆ?" என்றார்கள்.

"என்ன சேர், உங்கடை பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் காது கேக்காதோ?"

அதிபருக்கு வியர்த்துவிட்டது. எண்ணெய்க் கதை தெரிந்ததும் அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எங்களை வேப்பமரத்தடியில் வரிசையாக இருத்தி, தலையைச் சரித்து எண்ணெயை வடியவிட்டார்கள். எல்லாருடைய வெள்ளைச் சட்டைத் தோளும் மஞ்சளாகிப்போனது.

மறுபடியும் சோதனை. என் முறை வந்தபோது கதிரை, வாளி, மாம்பழம் என்று ஒன்றும் பிழைவிடாமல் சொன்னேன்.

"பாத்தியளோ, காதிலை ஒண்டுமில்லை. முழுக்கத் தடிப்பு" என்றார் ரீச்சர். என்னோடு வந்திருந்த என் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

டொக்டர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் கிடந்த விசிறியை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரத்தடியில் கழுத்து நோக இருத்தியது போதாதென்று இப்போது விளையாட்டு வேறா?

"வாயை மறைச்சுப்போட்டுக் கதைச்சால் எப்பிடிக் கேக்கிறது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. ரீச்சரையும் அம்மாவையும் அப்பால் கூட்டிக்கொண்டுபோய் வெகுநேரம் கதைத்தார். திரும்பி வந்த ரீச்சர் என் கன்னத்தைத் தடவி, முன்வரிசை வாங்கில் கொண்டுபோய் இருத்தினார். அதன்பின் அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு வாய் திறந்ததே இல்லை. நான் ஐந்தாம் வகுப்புக்கும் போனேன். எதிர்த்து வாய்காட்டியதால் ரீச்சர் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மற்றவர்களுக்கு முதுகுப் பக்கத்தாலும் பேச்சுக் கேட்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

டொக்டர் வந்துபோன அன்று வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்குப் போனோம். வழக்கமாக அம்மா முன்னால் விறுவிறுவென்று நடப்பார். அன்று நின்று நின்று முழுதாக என் பக்கம் திரும்பி, "இனி உன்னை ஏசமாட்டன் பிள்ளை" என்றார். நனைந்த கண்ணோடு, கல் தடக்கத் தடக்கப் பின்பக்கமாகவே நடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முன்னுக்குப் பாத்து நடவுங்கோ அம்மா, விழப்போறியள்" என்று அதட்டினேன். "எனக்கென்ன, காது கேக்காதோ?"